உள் அறை கேபிள் பாயிண்ட்

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு பிரான்சிஸ் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தியபோது நான் ஏற்கெனவே கொதித்துப்போய் இருந்தேன். அரை மணி நேரத்தில் மூன்று போன் கால் அறுந்திருந்தது. மூன்றாவது ஆள் விபத்தில் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவர். "இன்னாம்மா, கிணத்துக்குள்ள இருந்து பேசறியா?" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டார். சென்னையில் இருக்கும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, திண்டிவனத்தில் வீட்டில் இருந்தபடியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதில் சொல்வது என் வேலை. பெயர் கலைப்பிரியா. அந்தக் கம்பெனியில் என் முகத்தை யாரும் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் நான்.

பிரான்சிஸ் எங்களுக்கு நெட் கொடுக்கும் கேபிள் டிவி ஆபீஸின் லைன்மேன். நாற்பதைத் தாண்டியவர். ஏணியை வண்டியின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு திண்டிவனம் முழுக்கச் சுற்றுகிறவர்.

"மேடம், ஒரு நிமிஷம் பேசணும்."

"பேச என்ன இருக்குது? நெட் வேலை செய்யணும். அவ்ளோதான்."

"நாளைக்கு நாலு மணிக்கு விழுப்புரம் ஆபீஸ்ல விசாரணை வச்சிகீறாங்க மேடம். ஒரே வீட்ல இருந்து ஆறு கம்ப்ளெயின்ட். ஆறும் நீங்க போட்டது. நாளைக்குள்ள ஃபால்ட் எங்கன்னு காட்டலன்னா என்னை வேலைய விட்டு எடுத்துடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. கடைசி கம்ப்ளெயின்ட்ட மட்டும் நீங்க குளோஸ் பண்ணிக் குடுத்தீங்கன்னா..."

"சரியாகாததை எப்படிங்க சரியாயிடுச்சுன்னு சொல்றது? எனக்கும் வேலைல வார்னிங் வந்துகீது. உங்களுக்குப் பாவம் பாத்தா எனக்கு யாரு பாக்கறது?"

அவர் தலையாட்டினார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன், கெஞ்சவில்லை. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. என் சுபாவம் அப்படி. எதிரில் இருப்பவர் சத்தம் போட்டாலும் கோபம் வரும், பேசாமல் இருந்தாலும் கோபம் வரும். என் கணவர் கோபி புதுச்சேரியில் வேலை பார்ப்பதே என்னிடமிருந்து தப்பிக்கத்தான் என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

தொல்லை ஆரம்பித்தது ஐப்பசி மழையில். ஒரு சாயங்காலம் தெருமுனைத் தென்னைமரத்தில் இடி விழுந்தது. எதிர்வீட்டு அம்சவள்ளி அக்காவின் டிவி புகைந்து போனது. எங்கள் வீட்டில் ஒரு பல்புகூடப் போகவில்லை. நாங்கள் ஸ்பைக் பஸ்டர் போட்டிருக்கிறோம் என்று நான் தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். கரண்ட் திடீரென்று எகிறினால் அந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு சாமானைக் காப்பாற்றும் பெட்டி அது. விழுப்புரத்தில் வாங்கியது. கேபிள் வயரையும் அதற்குள் விட்டு எடுத்து மாட்டலாம். அந்த வாரத்திலிருந்துதான் நான் பேசினால் அந்தப் பக்கம் இருப்பவருக்குத் துண்டு துண்டாகக் கேட்க ஆரம்பித்தது.

முதல் தடவை வந்தபோதே பிரான்சிஸ் என் மோடத்துக்கு மாட்டியிருந்த பெட்டியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். "இடிய இது வாங்கிக்கிச்சு மேடம். உள்ள வெந்துபோயிகீது. நல்லா இருக்கற வரைக்கும் காப்பாத்தும். அடிபட்டுட்டா இதுவே வில்லன்" என்று எடுத்து வெளியே வைத்தார். அதற்குப்பின் கொஞ்சம் தேவலை, முழுதாகச் சரியாகவில்லை. அந்த முதல் நாளில் இன்னொன்றும் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னைப் பற்றி நீங்கள் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

"எத்தனை தடவைதான் வந்து பாப்பீங்க? என்னதான் ஆகுது இந்த லைனுக்கு?" என்றேன்.

"உங்க தெருவுல ஏதோ ஒரு வீட்ல இருந்து வயருக்குள்ள சத்தம் ஏறுது மேடம். காதுக்குக் கேக்கற சத்தம் இல்ல, மீட்டர்ல தெரியற சத்தம். வீட்ல இருந்து ஆபீசுக்குப் போற வழில ஏறுது. ஒரு வீடு கெட்டா தெரு பூரா அடிபடும். டிவி பாக்கறவங்களுக்கு ஒன்னும் தெரியாது, அது ஆபீஸ்ல இருந்து வர்ற வழி. நீங்க பேசறது போற வழி. அதான் உங்களுக்கு மட்டும் பேஜாரா இருக்குது."

"எந்த வீடுன்னு கண்டுபிடிக்க முடியாதா?"

"போஸ்ட்ல ஏறி ஒவ்வொரு வீட்டு வயரா கழட்டிப் பாக்கணும். எந்த வீட்டைக் கழட்டனா சத்தம் நிக்குதோ அந்த வீடு. ஆனா இது வருது, பத்து நிமிஷம் இருக்குது, போயிடுது. நான் ஏணியப் போட்டு ஏறறதுக்குள்ள அதுவே நின்னுடுது. பதினோரு தடவை ஏறிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். விழுப்புரம் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கும் தமிழ்மணி என்பவர் எழுதிக் கொடுத்தது. நவம்பரிலிருந்து எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு சத்தம் என்ற கணக்கு. அநேகமாக எல்லா நாளும் இருந்தது. மூன்று இடங்களில் மட்டும் பேனாவால் சுழித்திருந்தார். நவம்பர் பத்தொன்பது மதியம் முதல் மறுநாள் காலை வரை, டிசம்பர் பத்தொன்பது மதியம் முதல் மறுநாள் காலை வரை, ஜனவரி பதினெட்டும் அப்படியே. அந்த நேரங்களில் சத்தம் சுத்தமாக இல்லை.

"மாசா மாசம் அந்தத் தேதில கரண்ட் ஆபீஸ்காரங்க ஏதாச்சும் பண்றாங்களான்னு போய்க் கேட்டேன். ஒன்னும் இல்லன்னுட்டாங்க. எனக்கு ஒன்னும் பிடிபடல மேடம்."

எனக்குப் பிடிபட்டது. கடைசித் தேதிக்குக் காலண்டரைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஜனவரி பதினெட்டு தை அமாவாசை, அன்று வீட்டில் நான்தான் வடை சுட்டேன். மற்ற இரண்டையும் போனில் தேடிப் பார்த்தேன். மூன்றும் அமாவாசை.

"மேல்மலையனூர்!" என்று கத்தினேன்.

பிரான்சிஸ் விழித்தார். ஒவ்வொரு அமாவாசைக்கும் எங்கள் தெருவிலிருந்து அங்காளம்மன் கோயிலுக்கு ஒரு வேன் போகும். மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினால் அம்மனின் நடுராத்திரி ஊஞ்சலைப் பார்த்துவிட்டு மறுநாள் காலைதான் திரும்புவார்கள். வேனை ஏற்பாடு செய்வது அம்சவள்ளி அக்கா. டிவி புகைந்துபோன நாளிலிருந்து அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போவார். இதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லியும் இருக்கிறார். அடிபட்ட வீடு அது. அன்று கரண்ட் இல்லாவிட்டால் சத்தமும் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டினேன். பின்னாலேயே பிரான்சிஸ், "மேடம், பொறுமையா, பொறுமையா" என்றபடி மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

அம்சவள்ளி அக்கா கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தார். நான் போன வேகத்தில் சலித்த மாவில் பாதி தரைக்குப் போனது.

"அக்கா, உன் வீட்டாலதான் எனக்கு மூணு மாசமா பொழப்பு நாறுது. உன் மெயின இறக்கு."

"என்னாடி பிரியா, காலங்காத்தால?"

"இறக்குன்னா இறக்கேன். இந்த மனுஷனுக்கு நாளைக்கு வேலை போவப் போவுது, தெரியுமா உனக்கு?"

அந்த நிமிஷம் வரை அவர் வேலையைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. சண்டை போட ஆள் கிடைத்ததும் நியாயத்துக்கு அவரையும் சேர்த்துக்கொண்டேன். எனக்கே அது தெரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

பிரான்சிஸ் தமிழ்மணியை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். சத்தம் ஏறுவதற்காகக் காத்திருந்தோம். கால் மணி ஆயிற்று. மாவைக் கூட்டி அள்ளியபடி அம்சவள்ளி அக்கா என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திடீரென்று போனில் தமிழ்மணி, "அண்ணே, ஏறுதுண்ணே. நல்லா ஏறுது" என்றார்.

"அக்கா, இப்ப இறக்கு! ஜல்தி!"

அக்கா முணுமுணுத்துக்கொண்டே மெயினை இறக்கினார். ஃபேன் ஓய்ந்தது. ஃபிரிட்ஜ் அடங்கியது. மூன்று பேரும் அந்தச் சின்ன போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நிக்கலண்ணே" என்றார் தமிழ்மணி. "அப்படியேதான் இருக்குது."

என் முகம் செத்துப்போனது. அம்சவள்ளி அக்காவுக்கு இப்போது கோபம் போய் உற்சாகம் வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "எதுக்குடி என் வீட்டைச் சொன்ன?"

"அமாவாசை அன்னிக்கு மட்டும் சத்தம் இல்லக்கா. நீ மலையனூர் போறே இல்ல, மெயின இறக்கிட்டு..."

"ஏன், வேன்ல நான் ஒண்டியாதான் போறனா? உங்க மாமியாரு என் பக்கத்து சீட்ல உக்காந்துக்கினுதான வர்றாங்க. டிவி பிளக்கப் பிடுங்கி வச்சிட்டு வந்தனா இல்லியான்னு பாதி தூரம் போற வரைக்கும் புலம்பிக்கினு வர்றாங்களே, அவங்களப் போய்க் கேளேன்."

நான் பிரான்சிஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மீட்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் ஆச்சரியப்படவே இல்லை.

இனி அந்த முதல் நாளைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் கேபிள் வயர் உள்ளே வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று என் மோடத்துக்கு. இன்னொன்று உள் அறையில் என் மாமியார் சின்னபொண்ணுவின் டிவிக்கு. அந்த அறையில்தான் சாமி அலமாரியும் இருக்கிறது. விழுப்புரத்தில் நான் வாங்கியது ஒரு ஸ்பைக் பஸ்டர் அல்ல, இரண்டு. இரண்டாவது அந்த டிவிக்குப் போட்டது. முதல் நாள் வெந்த பெட்டியைக் கழற்றியதும் பிரான்சிஸ் கேட்டார்: "உள்ள டிவிக்கும் இது மாதிரி இருக்குதா மேடம்? அதையும் ஒரு வாட்டி பாத்துடறேன்."

அத்தை கூடத்தில்தான் இருந்தார். "நீ எந்த ஊருப்பா?" என்று கேட்டார். அவரைவிடப் பதினைந்து இருபது வயதுதான் சின்னவர் பிரான்சிஸ், ஆனாலும் நீதான். "கண்டாச்சிபுரம் பக்கம்ங்க." "எந்தத் தெரு?" "காலனிங்க." அத்தை எழுந்தார், உள் அறைக் கதவை மெதுவாகச் சாத்தினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. எல்லாம் நாலு விநாடி.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அங்க ஒன்னும் இல்ல, டிவி நல்லாத்தான் தெரியுது" என்றேன். பிரான்சிஸ் சாத்திய கதவை ஒருமுறை பார்த்தார். ரிப்போர்ட் தாளில் 'எல்லா பாயிண்டும் பார்க்கப்பட்டது' என்று எழுதி என்னிடம் நீட்டினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு அவர் வந்தபோதெல்லாம் டீயைப் பேப்பர் கப்பில் கொடுத்தேன். கொரோனாவுக்கு அப்புறம் எல்லோருக்கும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு வந்தவர் வல்லத்துக்காரர், எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரருக்கு ஏதோ உறவு. அவருக்கு எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். கொடுத்த கை எனக்கே தெரியாமல் அதை எடுத்திருந்தது.

அம்சவள்ளி அக்கா வீட்டிலிருந்து ஓடி வந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். உள் அறையில் அத்தை கட்டிலில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். பிரான்சிஸ் வழக்கமாக நிற்கும் இடத்தில், கூடத்து நடுவில், நின்றுவிட்டார். போன் ஸ்பீக்கரில் தமிழ்மணி, "இன்னும் இருக்குதுண்ணே, இன்னும் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தம் எந்த நிமிஷமும் தானாக அடங்கிவிடலாம். அடங்கினால் மறுபடி எப்போது வருமோ, நாளை நாலு மணிக்குள் வருமோ வராதோ.

அவரை உள்ளே வரச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அந்த அவசரத்தில்கூட என் கண் அத்தையின் முகத்துக்குத்தான் போனது. நானே உள்ளே பாய்ந்து, டிவிக்குப் பின்னால் கையை விட்டு, ஸ்பைக் பஸ்டரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"நின்னுடுச்சு!" என்றார் தமிழ்மணி. "அண்ணே, சுத்தமா நின்னுடுச்சு!"

மறுபடி சொருகினேன். "வந்துடுச்சு." பிடுங்கினேன். "நின்னுடுச்சு." அத்தை, "சீரியல் ஓடிக்கினு இருக்குது, என்னாடி பண்ற?" என்று கத்தினார். கேபிள் வயரைக் கழற்றிப் பெட்டியை வெளியே எடுத்து வந்தேன். சூடாக இருந்தது. பின்பக்கம் பழுப்பேறி, மூலையில் பிளாஸ்டிக் உருகியிருந்தது. மூன்று மாதமாக என் சொந்த வீட்டிலிருந்தே என் குரலை அறுத்துக்கொண்டிருந்த பெட்டி. இதற்காகத் தெருவையும் கம்பெனியையும் இந்த மனுஷனையும் நான் படுத்தாத பாடில்லை.

"போச்சு, விடுங்க! கிடைச்சுடுச்சு இல்ல? உங்க வேலை பொழைச்சுது" என்று அவர் கையில் கொடுத்தேன்.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இல்ல மேடம். இப்பதான் போவும்."

"என்ன சொல்றீங்க?"

"எல்லா பாயிண்டும் பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுகீறேன். பாத்திருந்தா அன்னிக்கே கிடைச்சிருக்கும். அப்ப பாக்காமயே பாத்தேன்னு பொய் எழுதிட்டேன்னு ஆவும். ஃபால்ட் கண்டுபிடிக்காதவன எடுத்துடுவேன்னு மிரட்டினாலும், கடைசில மேனேஜரு திட்டி விட்டாலும் விடுவாரு. பொய் ரிப்போர்ட்டுக்கு விட மாட்டாரு. போன வருஷம் ரெண்டு பேர எடுத்தாரு."

"போன வாரம்தான் இந்தப் பெட்டிய வாங்கினேன்னு நான் சொல்லிடறேன்."

"நவம்பர்ல இருந்து கணக்கு ஆபீஸ்லயே இருக்குது மேடம்."

"அப்ப ஏங்க அப்படி எழுதினீங்க? உள்ள விடலன்னு எழுதறதுதான?"

கேட்டுவிட்டேன். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை. பிரான்சிஸ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி எழுதிக்கினு இருந்தா, பிரச்சனை பண்றவன்னு பேரு வரும் மேடம். பொம்பளப் பிள்ள பிளஸ் டூ படிக்குது, அஸ்வினின்னு. எனக்கு வேலை வேணும். நான் சொன்னா அது சாக்கு. சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும்." பெட்டியைக் கூடத்து மேசைமேல் வைத்துவிட்டு, "சொல்லுங்கன்னு நான் கேக்கல" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று மதியம் வேலையில் உட்கார்ந்த பிறகு என் கால் ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. ஒவ்வொரு காலும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது, ஒவ்வொன்றும் எனக்குக் குத்தியது.

கோபியை போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "நெட் சரியாயிடுச்சு இல்ல? கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிட்டு வேலையப் பாரு. ஆபீஸ்ல போய் நாலு பேர் எதிர்ல இதெல்லாம் பேசினா, நாளைக்கு எவனாவது கேஸு கீஸுன்னு வந்தா யாரு பாக்கறது? அம்மா பேரு அடிபடும்" என்றார்.

அத்தையிடம் வெள்ளிக்கிழமை காலை சொன்னேன். "நான் அவன அடிச்சனா? திட்டனனா? என் ரூம் கதவ நான் சாத்தக் கூடாதா?" என்றார். அந்தக் கேள்வியை நானும்தான் மூன்று மாதமாக அவர் சார்பில் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீ மட்டும் என்ன, அவன வான்னு கூப்பிட்டியா?" என்று அடுத்துக் கேட்டார் பாருங்கள், அதற்குமேல் நிற்காமல் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

இரண்டரைக்குப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். ஒரு மணி நேரப் பயணம், நாலுக்கு முன்னால் போய்விடலாம் என்று கணக்கு. கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை ஒழுங்காகத்தான் போனது. விக்கிரவாண்டி வருவதற்குள் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் பாலம் வேலை என்றார்கள், ஏதோ கவிழ்ந்துவிட்டது என்றார்கள். மூன்றரை ஆனது. மூணே முக்கால் ஆனது. கண்டக்டரிடம் எரிந்து விழுந்தேன். "நான் என்னம்மா இறங்கித் தள்ளவா?" என்று கேட்டார். அந்த நெரிசலில் எனக்கு ஒரு கேவலமான நினைப்பும் வந்தது. நேரத்துக்குப் போகமுடியவில்லை என்றால் என் தப்பில்லையே, பஸ்ஸின் தப்புதானே. அந்த நினைப்பு ஒரு நிமிஷம் இதமாக இருந்தது. பிறகு என்மேல் வந்த ஆத்திரத்தில் எழுந்து போய் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

விழுப்புரத்தில் இறங்கியபோது நாலு மணி ஐந்து நிமிஷம். ஆட்டோ பிடித்து, ஆபீஸின் மாடிப்படி ஏறியபோது நாலே கால்.

மேனேஜர் ஆனந்தராஜ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணக்கு எழுதும் ஒரு பெண். மேசைக்கு எதிரே பிரான்சிஸ் நின்றார். என்னைப் பார்த்ததும் ஆனந்தராஜ் எழுந்து, நாற்காலி போடச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். நான் பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

"ஃபால்ட் இதுதான் சார். எங்க வீட்லதான் இருந்துச்சு. பிரான்சிஸ்தான் கண்டுபிடிச்சாரு. என் கம்ப்ளெயின்ட் எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

"ரொம்ப சந்தோஷம் மேடம். இதுக்காக இவ்ளோ தூரம் வந்தீங்களே." ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "இது நவம்பர் நாலாம் தேதி ரிப்போர்ட். எல்லா பாயிண்டும் பாத்தாச்சுன்னு இவரு எழுதிகீறாரு. கீழ உங்க கையெழுத்து. இந்தப் பெட்டி அன்னிக்கு வீட்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப இவரு பாக்கல."

"நான்... நான் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன் சார்."

சொன்னவுடனே அறை லேசாகிவிட்டது. கணக்கு எழுதும் பெண் புன்னகைத்தார். "அது சகஜம் மேடம், யாருமே படிக்கறதில்ல" என்றார் ஆனந்தராஜ். என்மேல் இருந்த பாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கிவிட்டது. அது எங்கே போய் ஏறியது என்பதையும் கண்ணெதிரே பார்த்தேன். ஆனந்தராஜ் பிரான்சிஸ் பக்கம் திரும்பி, "ஏன்யா பாக்கல?" என்று கேட்டார்.

பிரான்சிஸ் தரையைப் பார்த்தார். "மறந்துட்டேன் சார்."

"பத்து வருஷம் சர்வீஸு. மறந்துட்டேன்றே. மறந்தவன் பாத்தேன்னு ஏன் எழுதின? சரி, பேட்ஜக் கழட்டி வச்சிட்டு..."

"பொய்!" என்று கத்தினேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் யார் யாரிடமோ சத்தம் போட்டிருக்கிறேன், என்னையே எதிர்த்துப் போட்டது இதுதான் முதல் தடவை.

"அவரு மறக்கல சார். உள் ரூமப் பாக்கணும்னு கேட்டாரு. எங்க மாமியார் எந்தத் தெருன்னு கேட்டாங்க. காலனின்னு சொன்னாரு. அவங்க கதவச் சாத்திட்டாங்க. அங்க ஒன்னும் இல்லன்னு நான் சொன்னேன். பெட்டி இருந்தது எனக்குத் தெரியும். அவரு உள்ள வரக் கூடாதுன்னுதான் சொன்னேன். கையெழுத்து படிச்சிட்டுத்தான் போட்டேன்."

ஆனந்தராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் பேச்சு தன் ஆபீசுக்குள் வந்ததே அவருக்குச் சங்கடம் என்று தெரிந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெரியவங்க வீட்ல இருந்தா அப்படி இப்படித்தான் மேடம். இதெல்லாம் ரெக்கார்டுல வேணாம். ரூம் பூட்டி இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, நான் இவர விட்டுடறேன். எல்லாருக்கும் நல்லது" என்றார்.

பேனாவை நீட்டினார். நான் வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதியிருப்பேன். வேலையும் பிழைக்கும், அத்தை பேரும் அடிபடாது, கோபியும் சும்மா இருப்பார்.

"ரூம் பூட்டி இல்ல சார்" என்றார் பிரான்சிஸ். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "மேடம் சொன்னத எழுதச் சொல்லுங்க."

எழுதினேன். கதவு சாத்தப்பட்டது, அவர் காலனி என்பதால் சாத்தப்பட்டது, நான் தெரிந்தே மறைத்தேன் என்று மூன்று வரி. கீழே பெயர், முகவரி, தேதி. நல்ல கையெழுத்து என்று பள்ளியில் பரிசு வாங்கியவள் நான். அன்று எழுத்து கோணிக்கொண்டு போனது.

ஆனந்தராஜ் தாளை வாங்கிப் படிக்காமலே ஃபைலில் வைத்தார். "சரி பிரான்சிஸ், வேலையப் பாரு. இனிமே உள்ளத உள்ளபடி எழுது. நாளைக்குக் காலைல முதல் வேலையா மேடம் வீட்டுக்குப் போய் உள் வயர் பூராத்தையும் மாத்திக் குடுத்துடு. அந்தப் பெட்டில ஓடினது இனிமே நம்பறதுக்கில்ல."

நான் அவசரமாக எழுந்தேன். "வாங்க பிரான்சிஸ். உள் ரூம் தொறந்தே இருக்கும். நான் பாத்துக்கறேன். யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். மூன்று மாதத்தில் இப்படி நேராகப் பார்த்ததில்லை. பிறகு ஆனந்தராஜிடம் திரும்பினார்.

"வேற ஆள அனுப்புங்க சார்."

"ஏன்யா, அவங்களே கூப்பிடறாங்க இல்ல?"

"கேட்டுச்சு சார். மேடம் இவ்ளோ தூரம் வந்து சொன்னாங்க, அது பெரிசுதான். ஆனா அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்கறதா இல்ல. அதுக்காக வேலைய எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துக்குங்க."

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் திரும்பிக் கிடைத்த வேலை. அதைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு அசையாமல் நின்றார். ஆனந்தராஜ் ஃபைலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, போ. தமிழ்மணி வேற யாரையாச்சும் அனுப்புவாரு" என்றார்.

பிரான்சிஸ் எனக்கு ஒரு தலையசைப்பு கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் எனக்குக் கோபம் வரும். இவ்வளவு செய்தேனே என்று வரும். அன்று வரவில்லை. அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் கீழே கேட்டது. மேசைக்கு எதிரே அவர் நின்றிருந்த இடம் காலியாக இருந்தது. வந்ததிலிருந்து அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றியிருக்கவில்லை.